பிந்திப் பாயும் ஆடு

கட்டுகஸ்தோட்டையில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி முதல் நாள் ஓர் ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் பையோடு நின்று மணியை அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து, "பாய்! பாயேன்! உனக்குக் கண்ணு பொட்டயா?" என்ற பெண் குரல் மட்டும் வந்தது. வீட்டுக்குள் ஆடு வளர்க்கிறார்கள் என்றால் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம் என்று நினைத்தபடி கதவைத் தள்ளினேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலைச்சீலை நழுவித் தோளில் கிடந்தது. கையில் ஒரு பழைய கேம் கொன்ட்ரோலர். எதிரே குண்டு டீவியில் ஒரு வெள்ளை ஆடு பாறைக்குப் பாறை பாய்ந்துகொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பாராமலே, "செருப்பக் கழட்டிட்டு வந்து குந்து புள்ள. இந்த மல முடியட்டும்" என்றார். மலை முடிய நேரம் எடுத்தது. முடிந்ததும் வேலை என்ன, எந்த ஊர், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய் என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டீவிக்கு வயர் மாட்டத் தெரியுமா?"

"தெரியுங்க ஆன்ட்டி. புசல்லாவையில எங்க வீட்டுல நான்தான் எல்லாம் மாட்டுவேன்."

"அப்ப ரூம் ஒனக்குத்தான். ஆன்ட்டி எண்டு மட்டும் செல்லாத. அது வயசு போன ஆக்களுக்கு. ராத்தா எண்டு கூப்பிடு."

என் அம்மாவை விட மூத்தவரை அன்றிலிருந்து அக்கா முறை வைத்துக் கூப்பிடத் தொடங்கினேன். கண்டி நகரில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எனக்கு வேலை. விபத்தில் அடிபட்ட வாகனக்காரர்கள் தங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்வதை நாள் முழுதும் கேட்பதுதான் என் தொழில். மாலையில் வீட்டுக்கு வந்தால் ராத்தா இருப்பார். அவரோடு ஒப்பிட்டால் அந்த வாகனக்காரர்கள் எல்லாரும் அரிச்சந்திரன்கள்.

ராத்தாவிடம் பிழை என்பதே கிடையாது. பிழையெல்லாம் சாமானில். ரொட்டி கருகினால் அடுப்பு சரியில்லை. கறியில் உப்புக் கூடினால், "இது மத்த உப்பு மாதிரி இல்ல புள்ள, இதுல உப்புக் கூட" என்பார். பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஒருநாள் என்னோடு கெரம் விளையாடித் தோற்றார். எழுந்து பலகையை நான்கு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, "கண்டியில ஒரு வீடாச்சும் நேரா ஈக்குதா? எல்லாம் மலச்சரிவு. போட் மட்டும் எப்பிடி நேரா ஈக்கும்?" என்றார். நான் சரிவின் கீழ்ப்பக்கம் உட்கார்ந்ததால் காய்கள் என் பக்கம் உருண்டனவாம். அடுத்த ஆட்டத்துக்கு இடம் மாறி உட்கார்ந்தோம். அதில் ராத்தா வென்றார். அப்போது மட்டும் சரிவைப் பற்றிய பேச்சே வரவில்லை.

அந்தக் கேம் பெட்டியை அவருடைய கணவர் சவூதியில் வேலை பார்த்த காலத்தில் மகனுக்கென்று கொண்டுவந்தார். மகன் கொஞ்ச நாள் விளையாடிவிட்டுப் படிக்கப் போய்விட்டான். இப்போது டோஹாவில் பெரிய வேலை. பெட்டி உம்மாவோடு தங்கிவிட்டது. அதற்கு இருந்த கேசட் ஒன்றுதான். இரண்டு ஆடுகள் மலையில் தாமாகவே ஓடும். பள்ளம் வரும்போது பொத்தானை அமத்தினால் பாயும். பிந்தினால் விழுந்து அடிவாரத்திலிருந்து மறுபடி ஓட வேண்டும். யாருடைய ஆடு முதலில் உச்சிக்குப் போகிறதோ அவர் வென்றார். அவ்வளவுதான் ஆட்டம். இதை ஒரு மனுஷி முப்பது வருஷமாக அலுக்காமல் விளையாடினார் என்றால் நம்பக் கஷ்டம். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று மட்டும் பெட்டியைத் தொடமாட்டார். ஆடு அறுக்கிற நாளில் ஆட்டை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லையாம்.

வெள்ளை ஆடு ராத்தாவுடையது. கறுப்பு ஆடு அவருடைய மச்சியுடையது, அதாவது கணவரின் தங்கை. மச்சி அக்குறணையில் இருந்தார். வாய் நீளம், கண் அதைவிடக் கூர்மை. மச்சி கலியாணம் முடித்த புதிதில் தொடங்கிய போட்டி இது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் மச்சி குடும்பத்தோடு வருவார். சாப்பாட்டுக்கு முன் இருவரும் ஆட்டை ஓட்டுவார்கள். ஒரு வருஷம் கூட மச்சி வென்றதில்லை. தோற்ற கதையை ராத்தா அடுத்த பெருநாள் வரை தொலைபேசியில் சொல்லிக்காட்டுவார். மச்சி அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளில்லை என்பதால் தொலைபேசி சூடாகிவிடும்.

ஒரு ஐப்பசி மழையில் இடி விழுந்து குண்டு டீவி செத்தது. சங்கதி தெரிந்ததும் மகன் சுவரில் மாட்டுகிற பெரிய தட்டை டீவி ஒன்றை அனுப்பிவைத்தான். உம்மா நாடகம் பார்ப்பார் என்பது அவனுடைய எண்ணம். பழைய பெட்டியின் வயர் அந்த டீவியில் மாட்டவே இடமில்லை. நகரத்தில் கிடைத்த ஒரு சின்னக் கன்வெர்ட்டரை வாங்கிவந்து நடுவில் போட்டு மாட்டினேன். படம் வந்தது. மழையில் பஸ் கண்ணாடிக்குள்ளால் பார்க்கிற மாதிரி வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் பொத்தானை அமத்திய பிறகு ஆடு கொஞ்சம் பிந்தித்தான் பாய்ந்தது. அதாவது பாயவில்லை, விழுந்தது.

"நான் பாயச் செல்றேன், அது யோசிக்கிது" என்றார் ராத்தா. "ஆட்டுக்கு என்னத்துக்கு யோசன?"

அந்த ஒரு தடவை அவர் சொன்னது முழுக்க உண்மை. பிழை சாமானில்தான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து நியாயம் தன் பக்கம் கிடைத்ததில் ராத்தாவுக்கு உஷார் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே அபாயாவை மாட்டிக்கொண்டு, கேம் பெட்டியை ஒரு பிரயாணப் பையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கண்டி டவுனுக்குக் கிளம்பினார்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு தையல்கடைக்கு மேலே, பழைய கேம் சாமான்களுக்கென்றே ஒரு கடை இருந்தது. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்து ஆள். முடியைக் குடுமியாகக் கட்டியிருப்பார். ஒரு சாமானைக் கேட்டால் எடுத்துத் தரமாட்டார், முதலில் வகுப்பெடுப்பார். அன்றும் எடுத்தார்.

"பாருங்கோ அன்ரி, பழைய பெட்டி அனுப்புறது சின்னப் படம். உந்தப் பெரிய டீவிக்கு அது காணாது. இடையில பெருப்பிச்சுக் குடுக்க ஒண்டு வேணும். மலிவுக் கன்வெர்ட்டர் முழுப் படத்தையும் வாங்கி வைச்சு, ஆறுதலா யோசிச்சுப் போட்டுத்தான் விடும். அதுதான் சுணக்கம். நல்ல அப்ஸ்கேலர் எண்டால் வரி வரியாய் வர வர அப்பிடியே விட்டுக்கொண்டிருக்கும்."

"அப்ப எங்கடது கவர்மென்ட் கச்சேரி மாதிரி. எல்லாத்தயும் வாங்கி வச்சிட்டு நாளைக்கு வா எண்டு செல்லும்" என்றார் ராத்தா. பிறகு குரலை மாற்றி, "ஆன்ட்டி எண்டு ஆரச் சென்னீங்க?" என்று கேட்டார். வகுப்பு அத்தோடு நின்றது.

கடைக்காரர் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். ராத்தா நின்ற நிலையில் ஆட்டை ஓட்டினார். ஒன்றில் படம் கத்தரித்துவிட்ட மாதிரி கூர்மையாக இருந்தது, ஆனால் ஆடு பிந்தியது. இன்னொன்றில் ஆடு பிந்தவில்லை, ஆனால் மலை பக்கவாட்டில் இழுபட்டு ஆடு எருமையாகத் தெரிந்தது. "ஆட்டப் பாத்தில்லாத மனிசன் செஞ்சீக்கான் இத" என்று அதை ஒதுக்கினார். தையல்கடைக்கு வந்த ஆட்களெல்லாம் மேலே ஏறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அபாயா போட்ட ஒரு பெண் கடை நடுவில் நின்று, "விழுந்தியே! விழுந்தியே சனியன்!" என்று டீவியைப் பார்த்துக் கத்தினால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? கடைசியில் கடைக்காரர், உண்மையான சாமான் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், தான் எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார்.

அது வருவதற்குள் கொன்ட்ரோலர் பிரச்சினை தொடங்கியது. டீவி சுவருக்குப் போனதால் சோபா பின்னால் தள்ளிப்போயிற்று. வயர் நடு ஹோலில் முழங்கால் உயரத்துக்கு இழுபட்டு நின்றது. ராத்தாவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், பிளேன்டீக் கோப்பையோடு அதில் தடுக்கி, டீ ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம் போனார். அவர் பாவம், தன் கடைக்குப் போனால் இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவார், வந்தாலும் பேசமாட்டார். விழுந்து கிடந்தும் பேசவில்லை. "வயர் சரில்ல" என்று ராத்தாதான் அவருக்குப் பதிலாகப் பேசினார்.

ஆகவே வயர் இல்லாத கொன்ட்ரோலர். முதலில் வாங்கியதில் பொத்தானைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக லைட் எரிந்தது. "கலியாண வீடா இது?" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது வெள்ளைக்காரன் கைக்குச் செய்தது, ராத்தாவின் பெருவிரல் பொத்தானை எட்டவில்லை. மூன்றாவது புளூடூத். அதில் கொஞ்சம் சுணக்கம் இருக்கும் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். நாலாவதுக்கு ஒரு சின்ன ரிசீவர் இருந்தது, அதைப் பழைய பெட்டியிலேயே குத்த வேண்டும். அது கைக்கும் அடக்கம், சுணக்கமும் இல்லை என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. வீட்டுக்கு வந்து ஓட்டினார். ஆடு விழுந்தது. நான் வாங்கி ஓட்டினேன். அதே கன்வெர்ட்டரில் ஆடு மட்டுமட்டாகப் பாய்ந்தது. மறுபடி அவர் ஓட்டினார், விழுந்தது.

"வெளிய மழ பெய்யிது புள்ள. சிக்னல் நனஞ்சீக்கும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெளிநாட்டுப் பெட்டி சுங்கத்தில் கிடந்து ஒருவழியாக வந்து சேர்ந்தது. கையளவு கறுப்புப் பெட்டி. கடைக்காரர் அதைத் தபாலில் வந்த மாப்பிள்ளையைக் கூட்டிவருவது போலத் தானே கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுவந்தார். டீவியின் உள்ளே போய், படத்தை அழகாக்குகிற வேலையெல்லாம் செய்யாதபடி கேம் மோடில் போட்டார். பெட்டியை மாட்டினார். படம் வந்ததும் நான் வாயைப் பிளந்தேன். ஆட்டுக்குத் தாடி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ராத்தா சப்பணமிட்டு உட்கார்ந்தார். முதல் பள்ளம் தாண்டினார். இரண்டாவதில் விழுந்தார். மறுபடி இரண்டாவதில் விழுந்தார்.

"இதுவும் பிந்துது தம்பி."

"இல்லை அன்ரி. இதில ஒரு சுணக்கமும் இல்லை."

"ஆட ஓட்றது நானா நீங்களா? பிந்துது எண்டா பிந்துது."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்து வருஷம் படித்த டாக்டரிடம் போய்க் காய்ச்சலே இல்லை என்று சொன்ன மாதிரி முகம் சிவந்தது. தன் போனை எடுத்தார். "ஸ்லோ மோஷனில எடுத்துக் காட்டுறன். உங்கட விரலும் டீவியும் ஒண்டாய்த் தெரியிற மாதிரி எடுப்பன். பிறகு நீங்களே பாருங்கோ." ராத்தாவின் கைக்குப் பின்னால் நின்று எடுத்தார். மூவரும் தலையைச் சேர்த்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம்.

முதல் பள்ளம். பெருவிரல் மெதுவாக இறங்கிப் பொத்தானைத் தொட்டது, அதே கணம் ஆடு எழும்பியது. "பாத்தியளே? நீங்கள் அமத்த அது பாயுது!" என்று கடைக்காரர் துள்ளினார். வீடியோ நிற்காமல் ஓடியது. இரண்டாவது பள்ளம். ஆடு விளிம்புக்கு வந்தது. பெருவிரல் மேலேயே நின்றது. சும்மா நிற்கவில்லை, மிக லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. ஆடு விளிம்பைத் தாண்டிக் கீழே போகத் தொடங்கிய பிறகுதான் விரல் இறங்கியது. ஸ்லோ மோஷன் என்பதால் எல்லாமே ஆறுதலாக, மறைக்க இடமில்லாமல் நடந்தது.

கடைக்காரர் வீடியோவை நிறுத்தினார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"என்ர போன் கமரா கொஞ்சம் பழசு அன்ரி. அதை நம்பேலாது."

"அதானே பாத்தேன்" என்றார் ராத்தா. அன்றைக்கு அன்ரி என்று சொன்னதற்கு அவர் சண்டை பிடிக்கவில்லை. டீயை ஊற்றச் சொல்லி என்னிடம் கேத்தலைத் தந்தார்.

அடுத்த நாள் மாலை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ராத்தா கையிலிருந்த வெங்காயத்தைச் சுளகில் போட்டுவிட்டு, "எங்கட உம்மாக்கு இப்பிடித்தான் தொடங்கின" என்றார். அவருடைய உம்மாவுக்கு முதலில் வலது கை நடுங்கியது, பிறகு நடை சுணங்கியது, கடைசியில் சோற்றை ஒருவர் ஊட்டிவிட வேண்டியிருந்தது. ஊட்டிவிட்டது ராத்தா. "உம்மா வாயத் தொறக்கிறத்துக்கு முந்தி நான் கையக் கொண்டு போயிருவேன். அவவுக்குக் கோவம் வரும். பேச ஏலாது, கண்ணால ஏசுவா" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்த்துவிட்டு, "வெங்காயம்தான். இந்த வெங்காயம் சரில்ல" என்றார்.

அரைநாள் லீவு போட்டுப் பேராதனை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் தட்டிக்காட்டச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார், குளிசை எழுதினார். உம்மாவுக்கு வந்த அதே வியாதி, ஆனால் ஆரம்பம்தான், குளிசைக்குக் கேட்கும் என்றார். வெளியே வந்ததும் ராத்தா, "அங்க போட்டீந்த கதிர ஆடுது புள்ள, கவனிச்சியா?" என்றார். நான் கவனித்ததாகச் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் செல்லாத. மாமாக்கும் செல்லாத. மகன் கேள்விப்பட்டா அடுத்த பிளேன்ல வந்து நிப்பான். வீட்டப் பூட்டிட்டு என்னய டோஹாவுக்குக் கொண்டு போய் ஒரு ஏசி ரூம்ல வச்சிருவான். அங்க நான் பொம்ம மாதிரி ஈக்கணும்."

அதுதான் அவருடைய பயம். நடுக்கத்தை விட, நடுங்குகிறாள் என்று வீட்டார் கண்டுபிடித்து, பாவம் பார்த்து, கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வார்களே என்ற பயம். அகப்பை, வீட்டுத் திறப்பு, சந்தைப் பை, கடைசியில் இந்தப் பொத்தான். நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்க்க மச்சியிடம் தோற்றால் அன்றைக்கே சங்கதி வெளியே வந்துவிடும். இந்த முறை சாமான் மேல் பழியைப் போடவும் வழியில்லை, ஏனென்றால் ஹோலில் இருந்தது குறையே சொல்ல முடியாத சாமான்.

அதன் பிறகு ராத்தா ஹோல் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடத் தொடங்கினார். ஆட்டைத் திட்டும் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. ஒருநாள் டீ கொடுக்கப் போனபோது பார்த்தேன். பள்ளத்துக்குச் சற்று முன்னால் ஒரு கல் வரும். ஆடு பள்ளத்துக்கு வரும்வரை காத்திராமல், அந்தக் கல்லைத் தாண்டும்போதே அமத்த நினைத்தார். நினைத்து, கை கேட்டு, விரல் இறங்கும்போது ஆடு சரியாக விளிம்பில் நின்றது. ஐந்தில் மூன்று தடவை பாய்ந்தது. முன்பெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற பள்ளம் அது.

நோன்பு இருபதைத் தாண்டிய ஒரு நாள் மச்சி என் போனுக்கு அழைத்தார். அவர் என்னோடு தனியாகப் பேசுவது அதுவே முதல் தடவை.

"மதினிட கைக்கு என்ன வந்தீக்கி?"

"ஒண்ணும் இல்லைங்களே" என்றேன்.

"பொய் செல்லாதீங்க புள்ள, நோன்பு காலம். போன மாசம் கலியாண வூட்டுல அவ சஹன்ல குந்தல்ல. பசியில்லயாம். முப்பது வருஷமா நானும் அவவும் ஒரே சஹன். எறச்சித் துண்டுக்கு என்ட கையத் தட்டிவிட்ற மனிசி, பசியில்லண்டா நான் நம்பவா?"

சஹன் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அதில் கை நடுங்கினால் எல்லாருக்கும் தெரியும். பெருநாளைக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பேச்சை மாற்றினேன். மாற்றியதே மச்சிக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் பழையபடி அதிகாரமாக வந்தது.

"நீங்க ஒரு வேல செய்யணும். டவுனுக்குப் போய், கடையிலயே ஆகக் கூடாத பொட்டியா ஒண்டு வாங்கிட்டு வாங்க. பெருநாளண்டு காலையில அத மாத்தி மாட்டிருங்க."

"கூடாததா? ஏங்க?"

"நான் வேணுமிண்டு தோத்தா அவ கண்டுபிடிச்சிருவா. பொறகு என்னயச் சும்மா வுடமாட்டா. பொட்டி பிந்தினா ரெண்டு பேர்ட ஆடும் பள்ளத்துல உழும். ரெண்டு பேரும் பொட்டிய ஏசிட்டு எழும்பிப் போய்ச் சாப்புடுவோம். வெளங்குதா?"

விளங்கியது. இத்தனை வருஷம் இந்தப் பெண்ணை வாய்க்காரி என்று மட்டும் நினைத்திருந்தேன்.

கடைக்காரர் முதலில் என்னைக் கடையை விட்டுப் போகச் சொன்னார். உலகத்திலேயே நல்ல அப்ஸ்கேலரை எடுப்பித்துக் கொடுத்தவரிடம் போய் ஆகக் கூடாதது வேண்டும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? காரணத்தைச் சொன்னேன். குடுமியை அவிழ்த்துக் கட்டினார். அதன் பிறகு அவருக்கு ஒரு வேகம் வந்தது. லாச்சிகளை இழுத்து, குப்பைக்குப் போகவிருந்த கன்வெர்ட்டர்களை எல்லாம் பரப்பி, ஒவ்வொன்றாக மாட்டி, முகம் சுளித்து, கடைசியில் ஒன்றை உயர்த்திப் பிடித்தார்.

"தங்கச்சி, இதை விட மோசமானது கண்டியில இல்லை. இதில அமத்திப் போட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்."

பெருநாளன்று காலை, ராத்தா குளிக்கப் போன நேரத்தில் மாற்றி மாட்டினேன். கேட்டால், நல்ல பெட்டி சூடாகிறது என்று சொல்வதாக ஏற்பாடு. தொழுகை முடிந்து அக்குறணைக் குடும்பம் வந்து இறங்கியது. அடுப்படியிலிருந்து புரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. ஹோல் நிறைய ஆட்கள். மாமா வழக்கம்போல மூலைக் கதிரையில். டோஹா மகன் வீடியோ அழைப்பில் ஒரு மேசை மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தான். உம்மாவின் விளையாட்டுச் சங்கதி அவனுக்கும் எப்போதோ தெரியும்போல, சிரித்துக்கொண்டிருந்தான். ராத்தா புதுச் சாரியில், மச்சி அதைவிடப் புதுச் சாரியில், சோபாவில் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

ஆடுகள் கிளம்பின. முதல் பள்ளத்தில் இரண்டும் விழுந்தன. மச்சி என்னைப் பார்த்து இமையை அசைத்தார். எல்லாம் ஏற்பாட்டின்படிதான். ராத்தா டீவியை ஒரு பார்வை பார்த்தார். நான் சூட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோளை ஒருமுறை குலுக்கிச் சாரியைச் சரிபண்ணிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது தடவையும் இரண்டு ஆடும் விழுந்தன. மூன்றாவது தடவை வெள்ளை ஆடு பாய்ந்தது. நான் ராத்தாவின் விரலைப் பார்த்தேன். கல்லுக்கும் முன்னால் ஒரு புல் கொத்து வரும். அதிலேயே அமத்திவிட்டிருந்தார். ஆடு புல்லைத் தாண்டி, கல்லைத் தாண்டி, விளிம்பில் எழும்பி அந்தப் பக்கம் போய் நின்றது. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. கறுப்பு ஆடு இன்னும் முதல் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. மச்சியின் கண் கூர்மையான கண். பள்ளத்தைப் பார்த்த பிறகுதான் அமத்திப் பழக்கம். பார்ப்பதற்கு முன் அமத்தும் வித்தை அவருக்குத் தெரியாது, அதைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் பழகியவர் பக்கத்தில் இருந்தார்.

மச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு தான் எதற்காக இதையெல்லாம் ஏற்பாடு செய்தோம் என்பதே மறந்துவிட்டது. முதுகை நிமிர்த்தி, பல்லைக் கடித்து, உண்மையாகவே ஓட்டத் தொடங்கினார். கறுப்பு ஆடு உண்மையாகவே விழுந்தது. வெள்ளை ஆடு உச்சிக்குப் போய்த் தலையை ஆட்டியது. ஹோலில் கைதட்டல். மச்சி கொன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தார்.

"இது பொட்டியா! அமத்தினா அமத்தினபடி ஈக்குது! பொட்டி சரில்ல மதினி, சத்தியமாப் பொட்டி சரில்ல!"

ராத்தா அவரைத் திரும்பிப் பார்த்தார். பெட்டி சரியில்லை என்று அவரும் ஒத்துக்கொண்டால் எல்லாரும் சாப்பிடப் போய்விடலாம்.

"பொட்டி பிந்துதுதான்" என்றார் ராத்தா. "என்ட கையும் பிந்துது. ரெண்டும் பிந்துது எண்டு தெரிஞ்சா முந்தி அமத்தணும். அதுக்குப் பொட்டிய ஏசி வேலயில்ல மச்சி."

மேசையில் சாய்த்து வைத்த போனில் மகனின் சிரிப்பு நின்றது. மாமா கதிரையிலிருந்து எழும்பினார். ராத்தா வலது கையைத் தூக்கி, அது நடுங்குவதை எல்லாருக்கும் தெரியும்படி ஒருமுறை காட்டினார்.

"என்ன பாக்குறீங்க? டாக்டர் குளிச தந்தீக்கார். சஹன வைங்க, பசிக்கிது."